நான் மைக் பிடித்தால் வராத புயல்

மைக்செட் தொழிலில் இருப்பவர்களுக்கு வருஷத்தில் இரண்டே பருவம்தான்: ஊர் நம்மைத் தேடுகிற பருவம், ஊர் நம்மைத் திட்டுகிற பருவம். தை பிறந்தால் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, மாதா கோயில் தேர் என்று வாசலில் வந்து நிற்பார்கள். ஐப்பசி பிறந்தால் தாலுகா அலுவலகத்திலிருந்து போன் வரும். "அம்மா, ஒரு புயல் இருக்கு, கொஞ்சம் சொல்லிட்டு வந்துடுங்க" என்பார்கள், ஏதோ பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு வரச் சொல்வதுபோல.

பழவேற்காட்டில் எங்களுடையது சின்னக் கடை. மைக்செட், ஷாமியானா, சீரியல் லைட், நாற்காலி, அவ்வளவுதான். கடையைத் தொடங்கியவர் என் வீட்டுக்காரர் தாஸ். ஆனால் மைக் பிடிப்பது நான். அவருக்கு மைக்கைக் கண்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும், எனக்குத் திறந்துகொள்ளும். அவர் லோடு ஆட்டோ ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன், தலைக்கு மேலே கோன் ஸ்பீக்கர் கத்தும். கடலோரக் குப்பங்களிலும் ஏரிக்கரை ஊர்களிலும் மைக்செட் ஸ்டெல்லா என்றால் தெரியாதவர் இல்லை. கெட்ட செய்தியை ஊருக்குச் சொல்லிப் பிழைக்கிற என் சக பாவப்பட்ட ஜீவன்களே, மின்சாரம் எப்போது வரும் என்று போனில் பதில் சொல்பவர்களே, ரேஷன் கடையில் சர்க்கரை வரவில்லை என்று அறிவிப்பவர்களே, ரயில் தாமதம் என்பதற்கு மன்னிப்புக் கேட்பவர்களே, இதெல்லாம் உங்களுக்காகத்தான்.

குடும்பத்தோடு வருக

முதன்முதலாகப் புயல் சொல்லப் போனது லைட்ஹவுஸ் குப்பத்துக்கு. அதுவரை என் வாயிலிருந்து ஊருக்குப் போனதெல்லாம் மங்கல வார்த்தைதான். தாலுகாவிலிருந்து சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டு, தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, மைக்கைத் தட்டிப் பார்த்து ஆரம்பித்தேன். "அன்பார்ந்த பொதுமக்களே! வங்கக் கடலில் நிலைகொண்டுள்ள புயல் நாளை மாலை நம் பகுதியில் கரையைக் கடக்க இருப்பதால், மீனவர்கள் யாரும் கடலுக்குப் போக வேண்டாம்" என்பது வரை அருமையாகப் போனது. அதற்குமேல் வாய் பழக்கதோஷத்தில் தானாக ஓடிவிட்டது. "அனைவரும் குடும்பத்தோடும் சுற்றத்தோடும் வருகை தந்து சிறப்பிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்தேன்.

தாஸ் சட்டென்று பிரேக்கை மிதித்தார். வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது என்பதுகூட அவருக்கு மறந்துபோயிற்று. கரையில் ஃபைபர் படகுகளின் நிழலில் உட்கார்ந்து வலைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அதில் ஒருவர் எழுந்து வந்து, வேட்டியைக்கூட மடித்துக் கட்டாமல், ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"கண்டிப்பா வந்துடறோம் ஸ்டெல்லா. சாப்பாடு சைவமா, பிரியாணியா?"

காசியம்மாவின் கருவாடு

அடுத்த புயலுக்கு ஒழுங்காக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை பிழையே இல்லை. நான் சொன்ன விதத்தைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது. குப்பத்துப் பெண்கள் மணலில் காயப்போட்டிருந்த கருவாட்டையெல்லாம் அலறியடித்து வாரி, கோணிகளில் கட்டி, வீட்டுக்குள் அடுக்கினார்கள். படகுகளை மேட்டுக்கு இழுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். நானும் வீட்டுக்கு வந்து கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மெழுகுவர்த்தியும் பிஸ்கட்டும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

மறுநாள் சூரியன் வந்தது. அப்படி ஒரு சூரியனைச் சித்திரையில்கூடப் பார்த்ததில்லை. புயல் ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். சொல்லாமல் கொள்ளாமல் திரும்பியது புயல், வாங்கிக் கட்டிக்கொண்டது நான். அந்த வெயிலில் ஒரே பகலில் காய்ந்திருக்க வேண்டிய கருவாடு, கோணிக்குள் கிடந்து ஈரம் கோத்து நாறிவிட்டது. காசியம்மா அந்தக் கோணியைத் தலையில் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கே வந்துவிட்டாள். கருவாட்டு வியாபாரத்தில் ஊரிலேயே பெரிய கை அவள், வாயும் அப்படித்தான். கோணியைக் கல்லா மேல் இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீ மழைன்னா வெயிலு அடிக்குது. ஒண்ணு செய்யி, சித்திரைல வந்து மழயே கெடயாதுன்னு மைக்ல சொல்லு, ஏரியாவது ரொம்பட்டும்."

வழி தெரியாத புயல்

இன்னொரு வருஷம் ஒரு புயல் வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது, வந்துகொண்டிருந்தது. காலையில் போன்: "இன்று மாலை கரையைக் கடக்கும்." போய்ச் சொன்னோம். மதியம் போன்: "அம்மா, ஒரு சின்ன மாற்றம், நாளைக் காலை." போய்ச் சொன்னோம். மறுநாள் காலை போன்: "அம்மா, அது கொஞ்சம் நின்றுகொண்டிருக்கிறது." நிற்கிற புயலை எப்படி அறிவிப்பது? "அன்பார்ந்த பொதுமக்களே, புயல் நின்றுகொண்டிருக்கிறது, உட்கார்ந்ததும் சொல்கிறோம்" என்றா?

ஊரில் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, ஆளுக்கொரு யூடியூப் வானிலைக்காரர் இருக்கிறார். ஆனாலும் நாங்கள் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நின்று கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். கடைசியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, தொண்டைக்கு இதமாக ஒரு சுக்குக் காபி கேட்டேன். டீக்கடைக்காரர் அதை என்னிடம் நீட்டியபடி, ஆட்டோவின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இரக்கத்தோடு சொன்னார்:

"பின்னால எடம் இருக்குதுல்ல? நேரா போயி அந்த புயல ஏத்தி இட்டாந்துடு. பாவம், வழி தெரியல போல."

தாய்மாமன் பிடித்த கம்பம்

வருகிறேன் என்று சொன்ன காற்று வராது, சொல்லாத காற்று வந்து நிற்கும். அனுப்பம்பட்டில் ஒரு காதுகுத்து. வைகாசி மாதம், மண்டையைப் பிளக்கிற வெயில். நான் மைக்கில் "வெயில் அதிகமாக இருப்பதால் அனைவரும் நீர்மோர் அருந்தும்படி" என்று சொல்லி வாயை மூடவில்லை, எங்கிருந்தோ ஒரு காற்று கிளம்பி வந்தது பாருங்கள். ஷாமியானா வயிறு முட்டத் தின்றதுபோல் உப்பி மேலே எழும்பியது. நாற்காலிகள் வரிசை கலையாமல் வயலுக்குள் நடந்து போயின. நீர்மோர் அண்டா உருண்டது. "கம்பத்தைப் புடிங்கய்யா!" என்று தாஸ் கத்த, விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

நடுக்கம்பத்துக்குப் பக்கத்தில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தவர் தாய்மாமன். ஒரு கையால் குழந்தை, மறு கையால் கம்பம். ஆசாரி கையில் தோட்டை வைத்துக்கொண்டு, குழந்தையோடு சேர்ந்து ஆடுகிற மாமன் எப்போது நிற்பார் என்று பார்த்தபடி கூடவே ஆடிக்கொண்டிருந்தார். குழந்தை மட்டும் ஊஞ்சல் என்று நினைத்துக் கெக்கலித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே ஒரு காது குத்தி முடிந்தது. "மாமா, கம்பத்தை விடுங்க, அடுத்த காது" என்றார் ஆசாரி. வேர்த்து விறுவிறுத்துப்போன தாய்மாமன் என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"கம்பத்த வுட்டா பந்தல் போவும், கொயந்தய வுட்டா எங்கக்கா என்ன தொலைச்சுடும். எத்த வுடறது, மைக்ல நீயே சொல்லு."

மழை வராமல் இருக்க அணுகவும்

இப்படியே சில வருஷம் போனதில் என் பெயர் நன்றாகக் கெட்டு, அப்புறம் வேறுவிதமாக நல்லதாகிவிட்டது. ஸ்டெல்லா சொன்னால் வராது என்பது ஏரிக்கரை முழுக்கப் பரவிவிட்டது. கார்த்திகையில் வெட்டவெளியில் கல்யாணப் பந்தல் போட்ட ஒருவர், வெற்றிலை பாக்குத் தட்டோடு கடைக்கு வந்தார். "ஒரே ஒரு தபா, நம்ம தெருவுல வந்து புயல் வரப்போவுதுன்னு சொல்லிட்டு போம்மா" என்று கெஞ்சினார். பொய் சொல்லமாட்டேன் என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த நாளே தாலுகாவிலிருந்து கனமழை எச்சரிக்கை வந்துவிட்டது. சொல்லித்தானே ஆகவேண்டும், சொன்னேன். ஒரு தூறல்கூட இல்லை. கல்யாண வீட்டில் என்னைக் கூப்பிட்டு, மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாக எனக்கு மாலை போட்டார்கள்.

நானும் பல் தெரியச் சிரித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு வற்றிவிட்டது. உள்ளூரப் பயம் வந்தது, அதை மறைப்பானேன். என்றைக்காவது ஒரு நாள் நிஜமாகவே வரும். அன்றைக்கு நான் தொண்டை கிழியக் கத்துவேன், இவர்கள் எனக்கு மாலை கட்டிக்கொண்டிருப்பார்கள். தாஸிடம் சொன்னேன். ஆட்டோ ஓட்டும்போது அதிகம் பேசாத மனிதர், இதற்கு மட்டும் வாயைத் திறந்தார்:

"நீ வேணா ஒண்ணு பண்ணுமே. நெஜ புயல் வரும்போது கம்முனு இரு, மைக்கு இன்னிக்கி ரிப்பேருன்னு நான் சொல்றேன், ஊரே பயந்து ஓடிடும்."

நாளைக்கு யார் முறை?

அந்த நாள் வந்தது. தாலுகாவிலிருந்து போனில் பேசியவரின் குரலில் வழக்கமான இனிப்பு இல்லை. "இது வேற மாதிரிம்மா. ஏரித் தண்ணி ஏறும். தீவு ஊர்ல ஒருத்தர்கூட இருக்கக்கூடாது" என்றார். பசியாவரம் தீவு ஜனங்கள் காலையிலேயே மூட்டை முடிச்சோடு கரைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். அதற்கும் அப்பால், ஏரிக்குள் ஒதுங்கிக் கிடக்கிற மணல்மேட்டுக்குப்பத்தில்தான் அசைவே இல்லை. சின்ன ஊர், இடுப்பளவு தண்ணீர் ஏறினால் ஊரே இருக்காது. ஆட்டோ போகாத இடம் என்பதால் கோனைப் படகின் முனையில் கட்டி, ஆம்ப்ளிஃபயரையும் பேட்டரியையும் தார்ப்பாயில் சுற்றி வைத்துக்கொண்டு நானும் தாஸும் புறப்பட்டோம். கரைக்கு வந்திருந்த அந்தக் குப்பத்து ஊர்த் தலைவர் ஏகாம்பரமும் எங்களோடு ஏறிக்கொண்டார்.

போய்ப் பார்த்தால், பெண்கள் எல்லோரும் பாத்திரம் பண்டத்தைக் கட்டித் தயாராக நிற்கிறார்கள். ஆண்கள் கரையில் குந்திக்கொண்டு நகரமாட்டேன் என்கிறார்கள். காரணம் நான் பயந்ததுபோல் என் ராசி மட்டும் இல்லை. காரணம் பாடு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்துப் பக்கம் வலை கட்டினால் இறால் கொட்டும், மற்ற இடத்தில் கட்டினால் பாசிதான். அடிதடி வேண்டாம் என்று, அந்த நல்ல இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. உன் நாளில் நீ கட்டாவிட்டால் அந்த இடம் வேறு யார் அங்கே நிற்கிறாரோ அவருக்கு. மறுபடி உன் முறை வர ஊர் முழுக்க ஒரு சுற்று முடியவேண்டும். காய்ச்சலோடு வந்து கட்டியவர் உண்டு, கல்யாண மாலையோடு வந்து கட்டியவரும் உண்டு. மழைவெள்ளம் ஏரியைக் கடலுக்கு இழுக்கிற நாளில் முறை கிடைத்தால் அது லாட்டரி.

அந்த லாட்டரி மறுநாள் கன்னியப்பனுக்கு. போன முறை அவர் நாளில் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்து, நண்டுக் கால்கூட வரவில்லை. இந்த நாளுக்காகக் காத்திருந்த மனிதர் வலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கெளம்புண்ணே, தண்ணி ஏறுமாம்" என்றேன்.

"நீ சொன்னா வராது ஸ்டெல்லா."

"வந்துச்சுன்னா?"

"வந்தா வெள்ளம் இழுக்கும். வெள்ளம் இழுத்தா எறா வரும். வரட்டுமே!"

புயல் வராவிட்டாலும் அவருக்கு லாபம், வந்தாலும் அவருக்கு லாபம். உயிர் என்கிற ஒன்றை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் போனால் அந்த இடத்தில் தான் கட்டலாம் என்று அடுத்த முறைக்காரர் வேலு உட்கார்ந்திருந்தார். வேலு இருக்கும்போது நான் ஏன் போகவேண்டும் என்று வேலுவுக்கு அடுத்தவர். இப்படியே கரை நெடுக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஊரே உட்கார்ந்திருந்தது. தெற்கே வானம் ஈயப் பாத்திரத்தின் அடிபோலக் கறுத்துக்கொண்டு வந்தது. கன்னியப்பனின் மனைவி தனம், டிவியைப் பாயில் சுற்றிக் குழந்தைபோல மடியில் வைத்தபடி எங்கள் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"அவுர வுடுக்கா. டிவி வந்துச்சு, நான் வந்துட்டேன். நீ படக எடு."

அணைக்காத மைக்

டிவியோடு வந்தவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கி, மன்றாடினேன், மிரட்டினேன், கன்னியப்பன் கல்யாணத்துக்கு நான் பாட்டுப் போட்டதை ஞாபகப்படுத்தினேன். ஒன்றும் எடுபடவில்லை. அதுவரை நயமாகப் பேசிக்கொண்டிருந்த ஏகாம்பரம் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கன்னியப்பனின் மூக்குக்கு நேரே வந்து நின்றார். நான் இருவருக்கும் நடுவில். மைக் என் கையில்.

"டேய், செத்துப் போனா எவன்டா எறா துன்றது?"

"என் மொறய வுட்டுட்டு வரச் சொல்றியே, நீ குடுப்பியா?"

"குடுக்கறேன்டா!"

"எப்புடி குடுப்ப? ஊரு கட்டுப்பாடு இன்னா ஆவறது?"

"தொலையட்டும்டா கட்டுப்பாடு! புயலு அடிக்கிற நாளு எவன் மொறயிலயும் சேத்தி இல்ல! தண்ணி வடிஞ்ச மொத நாளு ஏரி உன்னிது. ஒரு பய கை வெக்க மாட்டான். இப்ப ஏறுடா படகுல!"

கடைசி வார்த்தை ஏரியைத் தாண்டிப் போய், எதிர்க்கரையில் மோதித் திரும்பி வந்தது: "...படகுல... படகுல..." மைக் ஆனில் இருந்தது. மணல்மேட்டுக்குப்பம் மட்டுமில்லை, பசியாவரத்துக்காரர்களை ஏற்றிப்போன படகுகளில் எல்லாம் ஆட்கள் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் வேலு குதித்து எழுந்தார். "அப்ப எனக்கு?" தலைவர் நிறுத்தாமல், "உனக்கு அதுக்கு மறுநாளு!" அதுவும் ஏரி முழுக்கப் போனது. "எனக்கு?" "அதுக்கும் மறுநாளு!" கரை நெடுக உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக மைக்குக்கு முன்னால் வந்து, தன் நாளைத் தலைவர் வாயால் உரக்கச் சொல்லவைத்துவிட்டு, ஓடிப்போய்ப் படகில் ஏறினார்கள். கன்னியப்பன்தான் முதல் ஆளாகப் போய் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஊரில் ஆயிரம் பேச்சுப் பேசலாம், மாற்றிக்கொள்ளலாம். மைக்கில் சொன்னது அப்படியில்லை, அது கோயிலில் சூடம் அணைத்துச் சொன்ன மாதிரி. மைக்கை அணைக்க நான் மறந்தேனா, மறந்ததாக மறந்தேனா என்று தாஸ் இன்றைக்கும் கேட்கிறார், நான் மைக்கைத் துடைக்கப் போய்விடுவேன். படகு நகர்ந்ததும்தான் தலைவர் என் கையிலிருந்த மைக்கில் எரிகிற சிவப்பு விளக்கைக் கவனித்தார். ஊரின் ஒட்டுமொத்தக் கட்டுப்பாட்டையும் தன் வாயாலேயே மாற்றிவிட்ட மனிதர், என் காதருகே குனிந்து, குரலே எழும்பாமல் கேட்டார்:

"ஸ்டெல்லா, பேசுனத திரும்ப உள்ள இழுக்க அதுல எதுனா பட்டன் கீதா?"

மையத்தில் கச்சேரி

மறுநாள் பகலில் வந்தது. இந்த முறை மெய்யாலுமே வந்தது. கரையில் புயல் பாதுகாப்பு மையத்தின் மேல்மாடியில் நாங்கள் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். காற்று ஜன்னல்களை உலுக்கியது, எங்கோ ஒரு தகரக் கூரை கிழிந்து பறக்கிற சத்தம் கேட்டது. குழந்தைகள் அழத் தொடங்கின. காற்றின் சத்தத்தை மறைக்க வேறு வழி தெரியாமல் ஆம்ப்ளிஃபயரைப் பேட்டரியில் போட்டு, மையத்தில் கிடந்த ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டி, இருந்த ஒரே பென்டிரைவைச் செருகினேன். அதில் இருந்தது மாப்பிள்ளை அழைப்புப் பாட்டு. போட்டேன். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து வந்திருந்த காசியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து ஒரு ஆட்டம் போட்டாள் பாருங்கள், அழுத குழந்தையெல்லாம் வாய் பிளந்து பார்த்தன. காற்று ஒரு பக்கம் ஆட, காசியம்மா ஒரு பக்கம் ஆட, யார் ஓய்கிறார்கள் பார்க்கலாம் என்று ஊர் கைதட்டியது.

கன்னியப்பன் மட்டும் ஜன்னலை விட்டு நகரவில்லை. மழை கொஞ்சம் விட்டபோது தாஸும் அவர் பக்கத்தில் போய் நின்று ஏரியைப் பார்த்தார். ஏரியும் தெரிந்தது, பசியாவரத்துத் தென்னைகளும் தெரிந்தன. மணல்மேட்டுக்குப்பம் இருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மன் கோயில் கலசம் மட்டும் மேலே நின்றது. முந்தின நாள் அவர் வலையோடு உட்கார்ந்திருந்த கரை எது என்று காட்டக்கூட முடியவில்லை. கன்னியப்பன் வந்து தனத்தின் பக்கத்தில் உட்கார்ந்து டிவி மேல் கையை வைத்துக்கொண்டார். நான் அந்த ஊர்க்காரர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் இருந்தார்கள். ஒருவர்கூடப் பாக்கியில்லாமல் எல்லோரும் இருந்தார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. ஆடிக்கொண்டிருந்த காசியம்மா நின்று, மூச்சு வாங்கியபடி என்னை அதட்டினாள்:

"மொத தபா நீ சொன்னது நடந்துகீது, இப்ப போயி அழுவறியே! பாட்ட போடுடி!"

கோனுக்குள் குடியிருந்தவர்

புயல் போன பிறகு கணக்குப் பார்த்ததில் எங்களுக்கு ஒரே இழப்பு, அந்தக் கோன் ஸ்பீக்கர். அவசரத்தில் படகு முனையிலிருந்து அவிழ்க்க மறந்திருந்தோம், காற்று கொண்டுபோய்விட்டது. மணல்மேட்டுக்குப்பத்தில் கூரை போனது, சுவர் கரைந்தது. ஆனால் கூரை வேய ஆள் இருந்தார்கள். தண்ணீர் வடிந்த முதல் நாள், ஓலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு முகத்துவாரத்துப் பக்கம் வந்துவிட்டார்கள். நாங்களும் போனோம். தலைவர் அதற்குமுன் ஓரிரு முறை "கோவத்துல வந்த பேச்சு அது" என்று இழுத்துப் பார்த்திருக்கிறார். எதிர்க்கரையில் இருப்பவர்கள்கூட "நாங்களும் கேட்டோமே" என்றதும் அடங்கிவிட்டார். ஒரு பயலும் கை வைக்கவில்லை. ஏரி அன்றைக்குக் கன்னியப்பனுடையது.

வெள்ளம் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் வலையை இழுக்க இழுக்கத் தோள் புடைத்தது. கனத்தைப் பார்த்துக் கரையில் விசில் பறந்தது. இறால், இறால், துள்ளுகிற இறால்! ஐஸ் பெட்டி நிறைந்து, கூடை நிறைந்து, தனத்தின் முந்தானையும் நிறைந்தது. ஊரே கன்னியப்பனைத் தூக்கிச் சுற்றாத குறை. கடைசியாக வலையின் அடியில் கனமாக ஒன்று தங்கியிருந்தது. பாசி சுற்றி, சேறு அப்பி, வாயை ஆவென்று திறந்துகொண்டிருந்தது எங்கள் கோன். உள்ளே ஒரு பெரிய நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, வெளியே வர மறுத்தது. கன்னியப்பன் அதை அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். புயலுக்கு முந்தின நாள் அவர் என்னைப் பார்த்த பார்வை வேறு, இது வேறு. சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்:

"இந்தா ஸ்டெல்லா, உன் கொரலுக்குள்ளயே குடியிருந்துகீது, அப்பக்கூட இது ஒண்ணுதான் நீ சொன்னத நம்பல!"

அந்த நண்டைக் குழம்பு வைக்க எனக்கு மனசு வரவில்லை, நம்பாதவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அவர்கள்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது, ஏரியிலேயே விட்டுவிட்டேன். கோனைக் கழுவிக் காயவைத்து இன்றும் அதைத்தான் கட்டுகிறோம், கொஞ்சம் கரகரப்பு உண்டு. இப்போதெல்லாம் தாலுகாவிலிருந்து போன் வந்தால் நான் முதலில் போய் நிற்பது ஏகாம்பரம் தலைவர் வீட்டு வாசலில். அவர் பெருமூச்சு விட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு வருவார்.

ஆக, இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: புயல் எப்போது வரும் என்று எத்தனை முறை கத்தினாலும் எங்கள் ஏரியில் ஒரு தலை திரும்பாது, அது போன மறுநாள் யார் முறை என்று மட்டும் மைக்கில் சொல்லிவிட்டால், ஊரே எனக்கு முன்னால் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டு "இன்னாக்கா, புயலுக்கு இவ்ளோ லேட்டா வர்றது?" என்று என்னைத்தான் கோபித்துக்கொள்ளும்.